ஆர்வோ நிரப்பிய தண்ணீர்

டாபியோலா, மிஷிகன்
1983 செப்டம்பர் 30

ரெய்னோ,

'அன்புள்ள' எங்கே என்று தேடாதே. போட மனம் வரவில்லை, போடவில்லை.

வண்டியில் பாதி உன்னுடையது என்பதால்தான் இதை எழுதுகிறேன். உன் அண்ணன் ஆர்வோவின் அடக்கம் முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டு உர்ஹோ போய், ஏரிக்கரை முகாமில் அநாதையாக நின்றுகொண்டிருந்த நம் ட்ரெய்லர் வீட்டைத் தன் டிரக்கில் மாட்டி இழுத்துவந்து, வீட்டுக்குப் பின்னால் பிர்ச் மரங்களுக்கு அடியில் விட்டான். பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. போன வாரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அதற்குள் தண்ணீர்ப் பம்ப் ஓடியது. ஒருவர் தொண்டையைச் செருமிக்கொள்ளும் நேரம்தான். உடனே நின்றுவிட்டது. மறுநாளும் ஓடியது. அதற்கு மறுநாளும். உன் அண்ணன் மர ஆலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும் நேரம் பார்த்துத்தான் அது ஓடுகிறது.

கதவு பூட்டித்தான் இருந்தது. சாவி என் சமையலறை ஆணியில் இருக்கிறது. திறந்து உள்ளே போய்ப் பார்த்தேன். எல்லாக் குழாயும் இறுக மூடியிருந்தன. மேசைமேல் அவர் தொப்பி மட்டும் இருந்தது. உர்ஹோவிடம் சொன்னேன். "சைமா, பேசாம வண்டிய வித்துடு. நீ அதுக்குள்ள போகாத" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிற ஆளா அவன்?

நீ இல்லை, அதனால் உனக்குத் தெரியாது. அன்று முகாமில் உன் அண்ணன் குழாய் மாட்டித் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தார். பம்பைப் போட்டு வாட்டர் ஹீட்டரையும் நிரப்பினார். குழாயைச் சுருட்டி மாட்டினார். "சைமா, தண்ணி ரெடி. காபி போடு" என்றார். போய் வெளியே மேசையில் உட்கார்ந்தார். நான் காபியோடு வந்தபோது உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தார். இந்த உலகத்தில் அவர் செய்த கடைசி வேலை அந்தத் தொட்டியை நிரப்பியதுதான். அந்தத் தண்ணீர் இன்னும் அப்படியே இருக்கிறது.

நீ வேலை செய்யும் கப்பலை நிறுத்தியிருக்க முடியாதுதான். அடக்கத்துக்கு நீ இறங்கியிருக்கலாம்.

பம்ப் ஏன் தானாக ஓடுகிறது என்பதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

சைமா

*

சுப்பீரியர் ஏரி, கப்பலிலிருந்து
அக்டோபர் 9

அன்புள்ள அண்ணி,

துறைமுகத்திலிருந்து இரண்டு முறை உங்களுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். சரி, கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

எங்களுக்குத் தபால் டெட்ராய்ட் ஆற்றில்தான் படகில் வந்து ஏறும். மேலே இரும்புத் தாது ஏற்றப் போகும்போதும் கீழே இறக்க வரும்போதும் அந்த ஒரே இடம்தான். ஆகவே பதில் தாமதமானால் அது என் சோம்பேறித்தனம் இல்லை.

பம்ப் விஷயம் ஒன்றுமில்லை. குழாய்களை மூடியிருந்தாலும் உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் நிற்கும். எங்காவது ஒரு சொட்டு கசிந்தால் அழுத்தம் இறங்கும். உடனே பம்ப் தானாக ஒரு மிதி மிதித்துச் சரிசெய்துவிட்டு நிற்கும். மாலையில் குளிர் இறங்கும்போது குழாய் சுருங்கும், அதனால் அந்த நேரம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

நான் இறங்கியிருக்கலாம் என்கிறீர்கள். செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. அப்போது நடு ஏரியில் இருந்தோம். கரையைத் தொட்டு நான் போன் செய்தபோது, அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். நான் வரவில்லை என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்கிறீர்கள். நீங்கள் எனக்காகக் காத்திருக்கவில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

போகட்டும். குளிர் வருகிறது, அதுதான் இப்போது அவசரம். அந்தத் தண்ணீர் உறைந்தால் குழாய், பம்ப், ஹீட்டர் எல்லாம் வெடித்துப் பிளந்துவிடும். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அண்ணன் உள்ளே, நான் வெளியே என்று இரண்டு பேரும் செய்வோம். நீங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருப்பீர்கள். இந்த வருஷம் நீங்கள் தனியாகச் செய்யவேண்டும், கஷ்டமில்லை. முதலில் வண்டிக்கு அடியில் இருக்கும் திறப்பைத் திறந்து தொட்டியைக் காலி செய்யுங்கள். பிறகு வெளிப்பக்கத்தில் ஹீட்டரின் சின்னக் கதவைத் திறந்து, அதன் அடிமூடியைக் கழற்றுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் தொடக் கூடாது, முகம் வெந்துவிடும். ஹீட்டர் வடிந்த பிறகு, உள்ளே கட்டிலுக்கு அடியில் இருக்கும் வால்வுகளைத் திருப்புங்கள். தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் அதைச் சுற்றிக்கொண்டு போகும். கடைசியாகப் பம்பின் குழாயை ரோஸ் மருந்துக் கேனில் விட்டு, ஒவ்வொரு குழாயாக ரோஸ் நிறம் வரும்வரை திறந்து மூடுங்கள். அந்த மருந்து உறையாது. சிங்குக்கு அடியில் வளைந்த குழாயிலும் கொஞ்சம் ஊற்றுங்கள். பாட்டரியைக் கழற்றி நிலவறையில் வையுங்கள்.

ஒரு வருஷம் அந்த வால்வைத் திருப்ப மறந்துவிட்டோம். மூன்று வாளி மருந்தையும் ஹீட்டரே குடித்துவிட்டது, ஒரு குழாயிலும் சொட்டு வரவில்லை. "விடுடா, இனிமே அதுக்கு ஜென்மத்துக்கும் ஜலதோஷம் புடிக்காது" என்றார் அண்ணன். அதை நினைத்து இப்போது சிரித்தேன். கூட இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரெய்னோ

*

டாபியோலா
அக்டோபர் 20

ரெய்னோ,

உன் கடிதத்தை முதலில் கோபத்தோடு படித்தேன். பிறகு உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன், கோபம் இன்னும் அதிகமானது.

உனக்காக ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்கிறாய். பாதிரியார் சனிக்கிழமை என்றார். உர்ஹோவின் மனைவி சரி என்றாள். என்னை எழுந்து நில் என்றார்கள், நின்றேன். உட்கார் என்றார்கள், உட்கார்ந்தேன். அந்த நிலையில் இருந்தவளிடம் நீ கணக்குக் கேட்கிறாய்.

கசிவு என்று நீ சொன்னாயே என்று சிங்குக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, பம்புக்குக் கீழே, குழாய் போகும் இடமெல்லாம் செய்தித்தாள் விரித்து வைத்தேன். ஒரு நாள் முழுக்க வைத்திருந்து எடுத்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தது. பம்ப் மட்டும் வழக்கமான நேரத்துக்கு ஓடியது. தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருப்பதைச் சுவரில் இருக்கும் விளக்கு காட்டுகிறது. நான் ஒரு நாளைக்கு ஒரு கோப்பைதான் எடுக்கிறேன். மீதியை எடுப்பது யார்?

ஆமாம், நான் அங்கே போகிறேன். காபி நேரத்தில் போய் உட்காருகிறேன். குழாயைத் திறந்தால் பம்ப் உறுமும், தண்ணீர் வரும். அதில் ஒரு கோப்பையைக் கழுவி வைக்கிறேன். ஒரு ஜாடியில் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்தும் பார்த்தேன். ஜாடியில் அது வெறும் தண்ணீராகிவிட்டது. ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன், ஒன்றுமே இல்லை. வண்டியில் அப்படி இல்லை. குழாயைத் திறந்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் அனுப்பி வைப்பது போலவே வருகிறது.

அதைத் தரையில் கொட்டச் சொல்கிறாய். முடியாது.

குளிரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறேன். வண்டிக்குள் காஸ் கணப்பைப் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று வாசலில் தேங்கிய தண்ணீர் உறைந்தது, தொட்டி உறையவில்லை. இப்போதெல்லாம் அங்கேயே படுத்துக்கொள்கிறேன்.

சைமா

*

டெட்ராய்ட் ஆறு
அக்டோபர் 28

அண்ணி,

முதலில் எழுந்து போய் அந்த வண்டியின் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மீதியைத் திரும்பி வந்து படியுங்கள்.

திறந்தாயிற்றா? இப்போது கேளுங்கள். அந்தக் கணப்பு பழசு. அதன் புகைக்குழாயில் வருஷா வருஷம் குளவி கூடு கட்டும். நானும் அண்ணனும் வசந்தத்தில் அதைக் குத்தி எடுத்த பிறகுதான் மூட்டுவோம். இந்த வருஷம் எடுத்தோமா என்று எனக்கு நினைவில்லை. அந்தப் புகைக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்கினால் தூங்கினதுதான். நீங்கள் அங்கே படுக்கக் கூடாது.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் வருகிறது என்று சொல்ல முடியாது. ஒரு தொட்டித் தண்ணீருக்காக உயிரை விடுவதா? அண்ணன் இருந்தால் உங்களைத் திட்டமாட்டார், என்னைத் திட்டுவார். "ஏன்டா, உன் அண்ணிகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்பார். சொல்லிவிட்டேன். இன்னொரு தரமும் சொல்கிறேன். கொட்டிவிடுங்கள்.

மீதித் தண்ணீரை யார் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைக் கப்பல் சமையல்காரனிடம் படித்துக் காட்டினேன். அவன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான். எங்கோ கசிகிறது, நீங்கள் பார்க்காத இடத்தில் கசிகிறது, அவ்வளவுதான். தரைப்பலகைக்கு அடியில் கூட இறங்கலாம். நான் இங்கே இரவுக் காவலில் நிற்கும்போது அந்த வரி நினைவுக்கு வருகிறது, அது வேறு விஷயம்.

நீங்கள் கேட்காவிட்டால் உர்ஹோவுக்கு எழுதிவிடுவேன். வண்டியில் என் பாதியை இழுத்துக்கொண்டு போகச் சொல்வேன். உங்கள் பாதியும் கூடவே போய்விடும், வேறு வழியில்லை.

ரெய்னோ

*

டாபியோலா
நவம்பர் 8

ரெய்னோ,

செய்துவிட்டேன். உர்ஹோவுக்கு எழுத வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பனி விழுந்து நின்ற பிறகு, வண்டிக்கு அடியில் படுத்து அந்தத் திறப்பைத் திறந்தேன். பாதித் தொட்டிதான் இருந்தது. பனியில் ஒரு குழி விழுந்தது, அதற்குள் ஓடி மறைந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் அங்கேயே படுத்திருந்தேன். என் கோட்டு நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது.

பிறகு கட்டிலைத் தூக்கி வால்வுகளைத் திருப்பினேன். கேனில் குழாயை விட்டுப் பம்பைப் போட்டேன். சமையலறைக் குழாயில் முதலில் கொஞ்சம் நல்ல தண்ணீர் வந்தது, பிறகு ரோஸ் வந்தது. குளியலறையிலும் வந்தது. கழிப்பறையிலும் வந்தது. வளைந்த குழாயிலும் ஊற்றினேன். கணப்பை அணைத்துவிட்டேன், ஒயரையும் எடுத்துவிட்டேன். பாட்டரி நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகும் மாலையில் பம்ப் சத்தம் கேட்கிறது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் அதை எழுதவில்லை.

இப்போது நான் வண்டிக்குள் போவதில்லை. வெளியே, மரங்கள் இருக்கும் பக்கம் நாற்காலி போட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவதோடு சரி. அதற்கும் உன்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

ஒன்று கேட்க வேண்டும். ஒரு காஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும்? கடைக்காரன் என்னைப் பார்த்தாலே கேள்வி கேட்கிறான்.

சைமா

*

சுப்பீரியர் ஏரி
நவம்பர் 16

அன்புள்ள அண்ணி,

நல்ல காரியம் செய்தீர்கள். உங்கள் கடிதம் கிடைத்ததும் மனசு நிம்மதியாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறீர்கள், அதற்காக உங்கள் மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை. ஆனாலும் பனியில் குழி விழுந்தது என்ற இடத்தைப் படித்ததும், ஐயோ எனக்கு ஒரு வாய் வைத்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. அண்ணன் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கவில்லை. ஒரு பிடி மண் போடவில்லை. அவர் கைபட்ட அந்தத் தண்ணீர் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதையும் நானே கொட்டச் சொல்லி எழுதியிருக்கிறேன். என்னைவிட முட்டாள் இந்த ஏரியில் வேறு எவனும் மிதக்கவில்லை.

இதுவரை எழுதிவிட்டு வேலைக்குப் போனேன். கப்பலின் சரக்கறை மூடிகளைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஒன்று உறைத்தது. திரும்பி வந்து உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

அண்ணி, தொட்டியைத் திறந்ததை எழுதியிருக்கிறீர்கள். வால்வுகளைத் திருப்பியதை எழுதியிருக்கிறீர்கள். கோட்டு நனைந்ததைக்கூட எழுதியிருக்கிறீர்கள். ஹீட்டரின் அடிமூடியைக் கழற்றியதாக ஒரு வார்த்தை இல்லை.

கழற்றாமல் வால்வைத் திருப்பினால் எல்லாக் குழாயிலும் ரோஸ் வந்துவிடும், வேலை முடிந்தது போலவே இருக்கும். புதிதாகச் செய்கிற எல்லோரும் செய்கிற தப்பு அது. ஆனால் ஹீட்டருக்குள் மூன்று வாளித் தண்ணீர் அப்படியே நிற்கும். அதுவும் அண்ணன் நிரப்பியதுதான்.

மறந்துபோனீர்களா? மறந்திருந்தால் இந்நேரம் அது உறைந்து பிளந்திருக்கும். அது பிளந்தால்கூட எனக்குக் கவலையில்லை. மறக்கவில்லை என்றால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வண்டியில் கணப்பு இல்லை, விளக்கு இல்லை. பிறகு காஸ் சிலிண்டர் எதற்கு?

ரெய்னோ

*

டாபியோலா
நவம்பர் 25

அன்புள்ள தம்பி,

நீ கெட்டிக்காரன்தான். மறக்கவில்லை.

உன் அண்ணன் வருஷா வருஷம் அந்த அடிமூடியைக் கழற்றிக் கழுவி என் சமையலறை மேசையில் வைப்பார், நான் திட்டிக்கொண்டே எடுத்துத் துடைப்பேன். அதை எப்படி மறப்பேன்? தொட்டியைத் திறந்து அத்தனையும் பனியில் போனதைப் பார்த்த பிறகு எனக்குக் கை வரவில்லை. ஹீட்டரின் சின்னக் கதவைத் திறந்து, காஸைத் திருப்பி, தீக்குச்சியைக் காட்டினேன். ஒரு விரல் உயரத்துக்கு நீலமாகப் பற்றிக்கொண்டது. பாட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம், அது பாட்டுக்கு எரிகிறது. ஊரே வெள்ளையாகக் கிடக்கிறது. அந்த மூன்று வாளி மட்டும் சூடாக இருக்கிறது.

நீ இன்னொன்றையும் தெரிந்துகொள். அது மூச்சு விடுகிறது.

நான் கதை கட்டவில்லை. தீ கொஞ்சம் பெரிதாகும்போது அந்தக் கதவின் ஓட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு மூச்சு வரும், நிற்கும், திரும்ப வரும். உன் அண்ணன் மாடிப்படி ஏறிவந்து நின்று மூச்சு வாங்குவார் அல்லவா, அதே இடைவெளி. நான் அதன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சில நாள் ஆலையில் நடந்ததைக் கேட்பேன். சில நாள் பேசாமல் இருப்பேன். முப்பது வருஷமாக அப்படித்தானே இருந்தோம்.

செவ்வாய்க்கிழமை உர்ஹோ பனி தள்ள டிராக்டரோடு வந்தான். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் இன்ஜினை நிறுத்தினான்.

"சைமா, அதுக்குள்ள யாரு?"

"யாருமில்ல."

"அப்போ மூச்சு விடுறது யாரு?"

அவன் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பாதி வழி இன்னும் பனியில் மூடித்தான் கிடக்கிறது.

எனக்குப் பைத்தியம் என்று நினைக்கிறாயா? பயமாக இருந்தது உண்மை. முதல் நாள் வீட்டுக்குள் ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் அவர் இல்லாத வீட்டைவிட அந்தப் பயம் எனக்குப் பரவாயில்லை.

மூச்சு வருகிற இடத்தில் தண்ணீர் சொட்டி உறைந்து தாடி போலத் தொங்குகிறது. நாளுக்கு நாள் தடிக்கிறது. இப்போது மூச்சு முன்னைப் போல அடிக்கடி வருவதில்லை. அதுதான் கொஞ்சம் கவலை.

சைமா

*

டெட்ராய்ட் ஆறு
டிசம்பர் 2

அண்ணி,

அந்தப் பக்கம் போகாதீர்கள். நாற்காலியை எடுக்கக்கூடப் போகாதீர்கள். வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிப் போய் சிலிண்டரின் தலையில் இருக்கும் திருகை மூடுங்கள். அவ்வளவுதான், வேறு எதையும் தொட வேண்டாம்.

நீங்கள் வால்வுகளைத் திருப்பியதால் ஹீட்டரின் உள்வழி, வெளிவழி இரண்டும் அடைபட்டிருக்கின்றன. அடியில் தீ எரிகிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியேற ஒரே ஒரு சேஃப்டி வால்வுதான் உண்டு. நீங்கள் மூச்சு என்கிறீர்களே, அதுதான் அது. அதன் வாயில்தான் தாடி தொங்குகிறது. பனிக்கட்டி அதை முழுக்க அடைத்துவிட்டால் அந்த ஹீட்டர் குண்டு போல வெடிக்கும். நீங்கள் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு ஆலையில் நடந்ததைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கடிதம் படித்தேன், கப்பல் கரையைத் தொட்ட உடனே உங்களுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு உர்ஹோவைக் கூப்பிட்டேன். "நான் அந்த வண்டிகிட்ட போகமாட்டேன் ரெய்னோ. வேற என்ன வேணா சொல்லு" என்கிறான். ரோட்டில் நின்றாவது கத்து என்று சொல்லியிருக்கிறேன். ஊர்க் காவலனை அனுப்பலாம் என்றால் அவன் உர்ஹோவின் மருமகன், மாமனாரைவிடப் பயந்தவன். கேப்டனிடம் என்னை இறக்கிவிடச் சொல்லிக் கேட்டேன். மாற்று ஆள் இல்லை, ஜனவரியில் ஏரி உறைந்து கப்பலைக் கரையில் கட்டும்வரை முடியாது என்றுவிட்டார். நான் அழுதேன் அண்ணி. ஐம்பத்திரண்டு வயதில் எல்லார் முன்னாலும் நின்று அழுதேன்.

அது அண்ணன் இல்லை என்று இனி நான் சொல்லமாட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு மட்டும் என்ன? நான் அவர் செத்ததைப் பார்க்கவில்லை. கண்ணை மூடினால் இப்போதும் அவர் வண்டிக்குள் நின்று குழாயைத் திறக்கிறார், நான் வெளியே குளிரில் நின்று கூப்பிடுவாரா என்று காத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உங்களுக்கு ஏதாவது ஆனால் அதையும் எனக்கு மூன்றாம் நாள்தான் சொல்வார்கள். அப்போதும் நான் நடு ஏரியில் இருப்பேன். யாரோ ஒரு பெண் போனை எடுத்து, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பாள். இரண்டாவது தடவை என்னால் அதைக் கேட்க முடியாது.

ரெய்னோ

*

டாபியோலா
டிசம்பர் 11

அன்புள்ள தம்பி ரெய்னோ,

உயிரோடுதான் இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்துக்கு முன்னால் உர்ஹோவின் குரல் வந்தது. ரோட்டில் டிராக்டர்மேல் ஏறி நின்றுகொண்டு, "சைமா, காஸ மூடு, ரெய்னோ சொல்றான்" என்று அரை மணி நேரம் கத்தினான். நான் கேட்காத மாதிரி இருந்தேன். தாடியை மட்டும் துடைப்பக் குச்சியால் தட்டி உடைத்துவிட்டேன், உடனே பெரிய மூச்சாக வந்தது. அன்றைக்கு அவர் எனக்கு நன்றி சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. யாரோ ஒரு பெண் போனை எடுப்பாள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்துவிட்டேன். கோட்டை மாட்டிக்கொண்டு போய்த் திருகை மூடினேன்.

தீ அணைந்த பிறகு நீ போகக் கூடாது என்று சொன்ன பக்கத்துக்குத்தான் போனேன். சூடு ஆறும்வரை அடிமூடியைத் தொடக் கூடாது என்று முன்னால் எழுதியிருந்தாய். அதனால் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தத் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அன்று முகாமில் ஆம்புலன்ஸ் வரும்வரை உன் அண்ணன் கையையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூடு எப்போது போனது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. இருந்துகொண்டே இருந்தது, பிறகு பார்த்தால் இல்லை. மூச்சு நின்றுவிட்டது. நான் ஓ என்று அழுதேன். ஆகஸ்டில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன்.

அன்று மாலை பம்ப் சத்தமும் கேட்கவில்லை. இத்தனை நாள் கேட்டபோது இல்லாத பயம், கேட்காதபோது வந்தது.

அடிமூடியைக் கழற்றினேன். துருவும் சுண்ணாம்புமாக முதலில் வந்தது, பிறகு தெளிந்து வந்தது. உள்ளே தண்ணீரில் இன்னும் வெதுவெதுப்பு மிச்சம் இருந்தது. மூன்று வாளியில் பிடித்தேன். ஒரு வாளியில் தலை குளித்தேன். வெகு நாளாகி இருந்தது, நீ இருந்தால் மூக்கைப் பொத்தியிருப்பாய்.

சனிக்கிழமை இரண்டாவது வாளியைச் சவுனாவுக்கு, நம் நீராவிக் குளியலறைக்குக் கொண்டுபோனேன். அவர் போன பிறகு நான் சவுனா மூட்டவில்லை. அடுப்பு புகைந்து கண்ணைக் கரித்தது, கல் சூடாக மதியமெல்லாம் ஆயிற்று. மேல் பலகை எப்போதும் உன் அண்ணனுக்கு, நான் வழக்கம் போலக் கீழ்ப் பலகையில், வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கரண்டி எடுத்துக் கல்லின் மேல் ஊற்றினேன். நீராவி எழும்பி மேலே போனது.

மேல் பலகையிலிருந்து, "இன்னொண்ணு" என்றார்.

தம்பி, இதை நீ நம்பு, நம்பாமல் போ. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். ஊற்றினேன். இன்னொண்ணு என்றார். ஊற்றினேன். வாளி காலியாகும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கரண்டி அடியில் உரசியது. "இவ்வளவுதாங்க இருக்கு" என்றேன். கரண்டியைக் காலி வாளிக்குள் போட்டு, திரும்பிப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது வாளி உன்னுடையது. சவுனா வாசலில் வைத்திருக்கிறேன், அடிவரை உறைந்துவிட்டது. வசந்தம் வரும்வரை அது எங்கும் போகாது. ஆகஸ்டில் நான் உனக்காகக் காத்திருக்கவில்லை. இந்தத் தடவை காத்திருக்கிறேன். கப்பலைக் கட்டியதும் வேறு எங்கும் போகாமல் நேராக இங்கே வா. வாளியை உள்ளே வைத்து உருக்கி, நீயே அடுப்பை மூட்டிக்கொள். நான் கூட வரமாட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் பேச எவ்வளவோ இருக்கும்.

மேல் பலகையில் மட்டும் உட்காராதே.

உன் அண்ணி
சைமா